ஒரு கிலோ ஈயச்சட்டிக்கு 14 யூனிட் கரண்ட்

போன வாரம் வீட்ட ஒதுங்க வைக்கும்போது அப்பத்தா வச்சிருந்த ஈயச்சட்டி, குண்டான் எல்லாம் பரண் மேலருந்து இறக்கினேன், எல்லாம் அடி கருகி நெளிஞ்சு கெடந்துச்சு, பழைய இரும்பு எடுக்குற அண்ணன் பாத்ததும் முதல்ல சொன்னதே "ஈயத்த இரும்போட சேத்துப் போடாதீங்கம்மா, அதுக்கு ரேட்டே வேற"ன்னுதான். (நம்ம வாய்ல ஈயம்னு வருதே தவிர அது அலுமினியம், நிஜ காரீயத்துல சோறாக்கித் தின்னா விஷம்.) இரும்பவிட பல மடங்கு குடுத்தாரு.

காச எண்ணும்போதே மண்டைக்குள்ள ஒண்ணு ஓடிட்டே இருந்துச்சு. ஒரு பொருள் கம்மியா இருந்தா வெல ஏறும், நெறைய இருந்தா எறங்கும்னுதான படிச்சோம். பூமியோட மேலோட்டுல இருக்குற உலோகத்துலயே அதிகம் அலுமினியம்தான், சுமார் 8 சதவீதம், இரும்பே அதுக்கு அடுத்துதான். அப்புறம் எப்படி இதுக்கு வெல ஜாஸ்தி?

பழைய கதை இன்னும் ஆச்சரியம். 1855 பாரீஸ் கண்காட்சியில அலுமினியக் கட்டிய விலைமதிப்பில்லாத பொருளா வச்சு ஜனங்களுக்குக் காட்டினாங்க. 1884ல வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சியில வச்ச கூம்பு சுமார் 2.8 கிலோ அலுமினியம், அப்ப அது கிட்டத்தட்ட வெள்ளி வெல. ரெண்டே வருஷம், 1886ல அமெரிக்காவுல ஹால், பிரான்ஸ்ல எரூ, ரெண்டு பேரும் 1863ல பொறந்த சின்னப் பசங்க, ஒருத்தர ஒருத்தர் தெரியாமலே ஒரே வழியக் கண்டுபிடிச்சாங்க: அலுமினாவ (அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேந்த வெள்ளப் பொடி) உருக்கின கிரையோலைட்டுங்கிற கனிமத்துல கரைச்சு உள்ள கரண்ட விடணும், அவ்ளோதான். வெல மளமளன்னு சரிஞ்சு கடைசியில எங்க அப்பத்தா அடுப்பு வரைக்கும் வந்து சேந்துச்சு. மண்ணுல இருந்த அலுமினியம் அன்னிக்கும் இன்னிக்கும் அதே அளவுதான். தட்டுப்பாடு மண்ணுல இல்ல, அத மண்ணுலருந்து பிரிச்செடுக்குற வித்தையிலயும் கரண்ட்டுலயும்தான் இருந்திருக்கு.

கரண்ட்னா கொஞ்ச நஞ்சம் இல்ல, ஒரு கிலோவுக்கு சுமார் 14 யூனிட். 100 யூனிட்ட அப்படியே குடுத்தாலும் 7 கிலோதான் தேறும். பழச உருக்கிப் புதுசாக்க அதுல 5 சதவீதம் போல போதும், அந்த அண்ணன் ஈயத்தத் தனியா கேட்டதுக்குக் காரணமே இதான்.

இப்ப கினிய எடுத்துக்கோங்க, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கு. அலுமினியம் எடுக்குற பாக்சைட்டு மண்ணு உலகத்துலயே அதிகமா அங்கதான், மொத்தத்துல கால்வாசி இருக்கும். ஆனா அலுமினா ஆலைன்னு 1960ல ஃப்ரியாவுல வந்தது ஒண்ணுதான் பேருக்கு, மத்த மண்ணெல்லாம் அப்படியே கப்பல்ல ஏறுது, பெரும்பாலும் சீனாவுக்கு. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலு டன் மண்ணு வேணும், அந்த நாலு டன்னுக்கும் சேத்து அவங்க கைக்கு வர்றது கடைசி வெலையில ஒரு துளிதான். அந்த நாட்டுல இன்னும் எத்தனையோ வீட்டுல கரண்டே கெடையாது, இத நெனச்சாலே எனக்கு மனசு ஆறமாட்டேங்குது. ஐஸ்லாந்துல பாக்சைட்டே கெடையாது, ஜனத்தொகை 4 லட்சம் கூட இல்ல, ஆனா ஆத்துத் தண்ணியிலயும் பூமிச் சூட்டுலயும் எடுக்குற கரண்ட வச்சு மூணு உருக்காலை ஓட்டுறாங்க. மண்ணக் கப்பல்ல ஏத்தி எங்க வேணா கொண்டு போயிரலாம், ஆனா அருவியையும் வெந்நீர் ஊத்தையும் அப்படித் தூக்கிட்டுப் போக முடியுமா?

எங்க சேலம் பக்கத்துலயே இது நடந்துச்சு. ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் வெட்டின பாக்சைட்ட மேட்டூருக்குக் கொண்டு போய் 1960கள்லருந்து அலுமினியம் உருக்கினாங்க, மண்ணு, கரண்ட் ரெண்டுமே பக்கத்துல கெடச்சா எவ்ளோ வசதி பாருங்க. 2008ல அந்த உருக்காலைய மூடிட்டாங்க. ஆனா அதுக்குன்னே கட்டின அனல்மின் நிலையம் மட்டும் அப்புறமும் ஓடுச்சு, அலுமினியத்துக்குப் போக வேண்டிய கரண்ட வெளிய வித்தாங்க.

அப்பத்தா பால் காய்ச்சுற சின்னச் சட்டிய மட்டும் நான் எடைக்குப் போடல.