ரசீது போட்ட கொள்ளை

ஜூன் 3

போர்க் கொள்ளைகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டணம், 1799 மே 4. திப்பு சுல்தான் விழுந்த அன்று இரவு ஆங்கிலேயப் படையின் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டார்கள். மறுநாள் ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் வெல்லஸ்லி பொறுப்பேற்று, சிலரைத் தூக்கில் போட்டு, பலரைச் சவுக்கால் அடித்து ஊரை அடக்கினார். பரவாயில்லையே என்று நினைக்கும்போதே அடுத்த பக்கத்தில், பிடித்த பொருளைப் படையினருக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கீட்டு அதிகாரிகள் வந்து உட்காருகிறார்கள். திப்புவின் தங்கத் தகடு போர்த்திய சிம்மாசனம் பங்கு பிரிப்பதற்காக உடைந்து துண்டானது அவர்கள் கையில்தான். அதன் புலித்தலை, படிகக் கல் பற்களோடு, இப்போது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தளபதி ஹாரிஸுக்கு லட்சம் பவுண்டுக்கு மேல். சாதாரண சிப்பாய்க்குச் சில பவுண்டு.

தூக்கில் தொங்கியவன் செய்த குற்றம், முறைப்படி பங்கு வரும்வரை காத்திருக்காததுதான் போல.

ஜூன் 4

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், 1897. அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர்கள் அள்ளிய பித்தளைச் சிற்பங்களில் ஒரு பகுதியைப் படையெடுப்புச் செலவுக்கென்று விற்றார்கள். வீட்டை இடித்தவன் இடித்த கூலியையும் வீட்டுக்காரனிடமே வசூலித்த கதை.

ஜூன் 8

பாக்தாத் அருங்காட்சியகம், 2003 ஏப்ரல், அமெரிக்கப் படை ஊருக்குள் நுழைந்த நேரம். காணாமல் போன பொருட்கள் சுமார் 15,000. கீழறைக்குள் ஒரு கூட்டம் சாவிக்கொத்தோடு வந்திருக்கிறது. எந்தப் பெட்டியில் என்ன என்று தெரிந்த ஆட்கள். இருட்டில் சாவி கைதவறி விழ, நுரைப்பஞ்சைக் கொளுத்தித் தேடியிருக்கிறார்கள். புகைதான் மிச்சம். பழங்காசுகள் இருந்த பெட்டிகள் அப்படியே தப்பின.

மேலே கலவரக் கும்பல், கீழே விவரம் தெரிந்தவர்கள். படம் பிடிக்கப்பட்டது கும்பல் மட்டும்.

ஜூன் 9

இன்று தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலை. 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. காகிதமெல்லாம் கச்சிதம்: பழம்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் 1972 சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாம். ஆனால் தொண்ணூறுகளில் அதே நடராஜர் கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. 2014-இல் சிலை திரும்பியது.

இவ்வளவு பணம் எண்ணிக் கொடுத்தவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரித்தால் வாங்க முடியாதே!

ஜூன் 11

ஈரான் மன்னர் நாதிர் ஷா டெல்லியைக் கொள்ளையடித்தது, 1739. இங்கே ரசீதும் இல்லை, பங்கீட்டு அதிகாரிகளும் இல்லை. ஆனால் அந்தச் செல்வத்தின் பலத்தில் ஈரானில் மூன்று வருட வரியைத் தள்ளுபடி செய்தார். வரி மிச்சமான குடியானவனும் பங்காளியா? யோசித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், அப்புறம் போர்ச் செலவுக்கென்று அதே குடியானவனைக் கசக்கிப் பிழிகிறார். டெல்லிச் செல்வமோ ஈரானின் கலாத் கோட்டையில் பூட்டிக் கிடக்கிறது.