போ என்று காட்டிய கை

ஜூன் 1, சனி

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக இன்று ஹமில்ரன் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் போர் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். இரண்டாம் உலகப் போர்க்கால லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானத்தை இவ்வளவு கிட்ட நின்று இதுவரை பார்த்ததில்லை. உலகத்தில் இன்னும் பறக்கிற நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், மற்றது இது. 102 அடி இறக்கை, நாலு எஞ்சின். ஆனால் உள்ளே ஏழு பேர் முட்டி மோதிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

இதை 'மைனார்ஸ்கி லங்காஸ்ரர்' என்கிறார்கள். "அவர்தான் இதை ஓட்டினவரா அப்பா?" என்று மகள் கேட்டாள். இல்லை. அவர் விமானியும் இல்லை, இது அவர் பறந்த விமானமும் இல்லை. அவர் போன விமானம் 1944இல் பிரான்சில் விழுந்து எரிந்துவிட்டது. அதன் நிறத்தையும் எழுத்துகளையும் இதற்குப் பூசி, அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே மால்ரனில் கட்டப்பட்டவை. எங்கள் குடும்பம் கனடாவுக்கு வந்து இறங்கிய பியர்சன் விமான நிலையம் இருப்பதும் அந்த மால்ரனில்தான். அந்த ஓடுபாதையில் இறங்கிய நாளில் இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்!

கனநேரம் வாலுக்குப் பின்னால்தான் நின்றேன். நாலு துப்பாக்கிகளோடு ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு ஆள் குந்தியிருக்க மட்டும் இடம். மற்ற ஆறு பேரிடமிருந்தும் தூரத்தில், இருட்டில், குளிரில், வந்த வழியையே பார்த்துக்கொண்டு அவன் இருக்கவேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

எங்கே போனோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "பொம்மரையோ காசு குடுத்துப் பார்த்திட்டு வாறாய், தம்பி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டா.

அம்மா கேட்டது நியாயம். பொம்மர் என்ற சொல்லைக் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைதான் நானும். 1944இல் பிரான்சின் ரயில் நிலையங்களைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் ஏராளமான பிரெஞ்சுப் பொதுமக்களும் செத்தார்கள். நான் எழுதப் போவது அந்தக் குண்டுகளின் பெருமையை இல்லை. ஒரு விமானத்துக்குள், சில நிமிடங்களில், இரண்டு பேருக்கிடையில் நடந்ததை மட்டும்தான்.

ஜூன் 5, புதன்

அன்ட்ரூ மைனார்ஸ்கி வின்னிப்பெக்கில் பிறந்தவர். போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம். 16 வயதில் தகப்பன் இறந்துவிட, தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்தவர். 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்தார். விமானத்தின் முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டு அவருடையது. வால் கூண்டில் பட் புரோபி. இருவரும் உயிர்ச் சிநேகிதர். புரோபி அதிகாரி, மைனார்ஸ்கி நெடுநாள் அவருக்குக் கீழ்ப்பட்ட தரத்தில் இருந்தவர். அதை வைத்தே இரவில் பிரியும்போது விறைப்பாக நின்று சலூட் அடித்து "குட் நைட், சேர்" என்று பகிடி பண்ணுவாராம்.

1944 ஜூன் 12 இரவு, நோர்மண்டித் தரையிறக்கம் முடிந்து ஆறாம் நாள். இங்கிலாந்தின் மிடில்ரன் சென்ற் ஜோர்ஜ் தளத்திலிருந்து 419ஆவது படையணி கிளம்பியது. இலக்கு காம்ப்ரே நகரத்து ரயில் தளம். இந்த ஏழு பேருக்கும் அது 13ஆவது பறப்பு, நள்ளிரவு தாண்டினால் திகதியும் 13. புறப்படமுன் புல்லில் உட்கார்ந்திருந்த மைனார்ஸ்கிக்கு நாலு இலைக் குளோவர் ஒன்று கிடைத்தது. அவர்கள் ஊரில் அது அதிர்ஷ்டம். அதைத் தான் வைத்துக்கொள்ளாமல் புரோபியின் கையில் திணித்தார்.

பிரான்சுக்கு மேலே ஒரு ஜேர்மன் சண்டை விமானம் பின்னாலிருந்து, கீழேயிருந்து வந்து சுட்டது. இடப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் போய்விட்டன. இறக்கையில் தீ. இரண்டு துப்பாக்கிக் கூண்டுகளுக்கும் நடுவிலும் தீ. குதிக்கச் சொல்லிக் கட்டளை வந்தது.

வால் கூண்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. கூண்டு நேராகப் பின்னோக்கி நிற்கும்போதுதான் அதன் கதவு விமானத்தின் உட்புறத்தோடு பொருந்தும். கொஞ்சம் திரும்பி நின்றாலும் உள்ளே வர வழியில்லை. கூண்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தம் எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் நின்றதும் அதுவும் நின்றது. கையால் சுற்றுவதற்கு ஒரு பிடி உண்டு. புரோபி அவசரத்தில் அதைச் சுற்ற, அது முறிந்துவிட்டது. கூண்டு கோணலாக இறுகி நிற்க, உள்ளே அவர்.

மைனார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கி வெளிக்கதவுக்குப் போய்விட்டார். குதிக்கவேண்டியதுதான் பாக்கி. அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

இன்றைக்கு இவ்வளவும் போதும்.

ஜூன் 8, சனி

தீக்குள்ளால் போனார். எரிகிற எண்ணெய்க்கு நடுவே தவழ்ந்துபோய், தீயணைப்புக் கோடரியால் கூண்டைக் கொத்திப் பார்த்தார். பிறகு வெறும் கையால் இழுத்தார். இடுப்பு வரைக்கும் உடுப்பு எரிகிறது, முதுகிலோ மார்பிலோ கட்டிய பாரசூட்டும் எரிகிறது. கூண்டு அசையவில்லை.

உள்ளேயிருந்த புரோபி கையை ஆட்டினார். போ, உன்னைக் காப்பாற்றிக்கொள்.

மூன்று நாளாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். பதக்கம் மைனார்ஸ்கிக்குத்தான் கிடைத்தது, கிடைக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். எரிகிற விமானத்தில் பூட்டுப்பட்டிருக்கிறான். அவனைத் தேடி வந்த ஒரே ஆள் முன்னால் நிற்கிறான். "விட்டுப்போகாதே" என்று கத்தத்தான் எனக்குத் தெரியும். அவன் போகச் சொல்கிறான். அன்றைக்கு அந்த விமானத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்தார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

மைனார்ஸ்கி மனமில்லாமல் பின்வாங்கினார். முதுகைக் காட்டாமல், நண்பனைப் பார்த்தபடியே தீக்குள்ளால் கதவுவரை தவழ்ந்தார். கதவடியில் எழுந்து, எரிகிற உடுப்போடு நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். உதடு அசைந்தது. சத்தத்தில் கேட்காவிட்டாலும் என்ன சொன்னார் என்பது புரோபிக்குத் தெரியும். குட் நைட், சேர்.

எரிந்துகொண்டே இறங்கியவரைக் கீழே பிரெஞ்சுச் சனங்கள் கண்டு தேடிப்போய்த் தூக்கினார்கள். தீக்காயத்தால் இறந்துபோனார். வயது 27.

விமானம் குண்டுகளோடு தரையில் மோதியது. மரத்தில் இடித்த வேகத்தில் வால் கூண்டு உடைந்து, புரோபி வெளியே எறியப்பட்டார். பெரிய காயம்கூட இல்லை. மற்ற ஐந்து பேரும் பிழைத்தார்கள். மைனார்ஸ்கி ஒருவர்தான் இல்லை.

அந்தச் சலூட்டைக் கண்டது புரோபி மட்டும். அவர் செத்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, மைனார்ஸ்கியும் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட இறந்துபோன குண்டுவீச்சுப் படையினரில் ஒரு பெயராகப் போயிருப்பார். காப்பாற்ற முடியாமல் விடப்பட்டவன் வந்து சாட்சி சொன்னதால், 1946 ஒக்ரோபரில் வீரத்துக்கான அதியுயர் பதக்கமான விக்ரோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. தன்னைத் தேடி வராமலிருந்தால் அவர் சுகமாகக் குதித்துத் தப்பியிருப்பார் என்றும் புரோபி சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் எப்படி மிச்ச வாழ்க்கையை வாழ்வது?

ஜூன் 10, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் வேறு சிலரைப் பற்றிப் படித்தேன். நோர்மன் ஜாக்சன் என்ற பிரித்தானியர், அதே 1944 ஏப்ரலில், பறக்கிற லங்காஸ்ரரின் இறக்கைமேல் தீயணைப்பானோடு ஏறினார். பாரசூட்டை உள்ளேயே விரித்து, அதன் கயிறுகளைக் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீ அணையவில்லை. ஆனாலும் உயிர் தப்பினார்.

மனசில் தைத்தது தோமஸ் ஹட்னர். 1950 டிசம்பர் 4, கொரிய யுத்தம், சோசின் ஏரிப் பக்கம். அவருடைய கூட்டாளி ஜெஸி பிரவுன், அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின விமானிகளில் முன்னோடி. சுடப்பட்டு பனிமலையில் விழுந்துவிட்டார். கால் நசுங்கி உள்ளே சிக்கியிருக்கிறது, விமானம் புகைகிறது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஹட்னர், நல்ல நிலையிலிருந்த தன் விமானத்தைச் சக்கரம் இறக்காமலே பக்கத்தில் மோதி இறக்கினார். வெறும் கையால் பனியை அள்ளி அள்ளித் தீயில் போட்டார். பிறகு ஒரு ஹெலிகொப்ரர் கோடரியோடு வந்தது. அதனாலும் முடியவில்லை. பிரவுன் தன் மனைவி டெய்சிக்கு அன்பைச் சொல்லச் சொன்னார். இருட்டியதும் புறப்பட வேண்டியதாயிற்று. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஹட்னர் போனார்.

2013இல், 88 வயதில், பிரவுனின் எச்சங்களைத் தேடி வடகொரியா வரைக்கும் போனார். மழை வெள்ளம் அந்த இடத்தை எட்ட விடவில்லை. 63 வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லைக் காப்பாற்றப் போனாரே!

ஜூன் 12, புதன்

80 வருஷத்துக்கு முன் இதே இரவு. மகள் தன் கட்டுரையைச் சமையலறையில் வாசித்துக் காட்டினாள், தமிழில் சொல்லி அப்பம்மாவுக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா புரோபி கை காட்டும் இடத்தில் நிறுத்திவிட்டா.

"என்ர அம்மாவும் கையைத்தான் காட்டினவ" என்றா.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நடக்க ஏலாமல் வீட்டோடு இருந்துவிட்ட என் அம்மம்மாவைச் சொல்கிறா. "நீங்கள் போங்கோ, பிள்ளையளைக் கொண்டு போங்கோ எண்டு கையை ஆட்டினவ. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தனான்." இவ்வளவு வருஷத்தில் இதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. மகள் ஒன்றும் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

ஜூன் 13, வியாழன்

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அம்மா கேட்டா, "அந்தப் பொம்மர் நிக்கிற இடம் சரியான தூரமோ?"

ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட என்றேன்.

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். முன்பக்கம் பார்க்கத் தேவையில்லையாம். அந்தப் பொடியன் இருந்த இடத்தைக் காட்டினால் போதுமாம்.