ஹட்டன் தரிப்பிடத்தில் மோதிய வேனும் சில்லுக்கு அடியில் இருந்த கல்லும்

ஹட்டன் நகரில் நான் வழக்கமாகக் காரை நிறுத்தும் தனியார் வாகனத் தரிப்பிடம், மலையகத்தின் பெரும்பாலான தரிப்பிடங்களைப் போலவே, சரிவில் அமைந்தது. மேல் வரிசையில் நிற்கும் வண்டிகளின் முகம் மேட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். கீழ் வரிசை வண்டிகள் பள்ளத்தைப் பார்த்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேன் சிரமப்பட்டுத் திரும்பக்கூடிய அகலத்தில் பாதை இருக்கும். கீழ் வரிசையிலிருந்து வெளியேற வேண்டுமானால் மேட்டை நோக்கிப் பின்னால் எடுக்க வேண்டும் என்பதால், மழை நாளில் ஆக்ஸிலேட்டரைச் சற்றுக் கூடுதலாக மிதித்துவிடும் சாரதிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோட்டங்களில் சம்பளம் கொடுத்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, கடைக்குச் சென்று திரும்பியபோது, மேல் வரிசையில் நின்ற என்னுடைய ஆல்டோ காரின் பின் விளக்கு நொறுங்கி, பஃபரின் ஒரு மூலை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அருகிலேயே, பாதையில் குறுக்காக, ஒரு டொல்பின் வேன் நின்றது. அதன் சாரதியான இளைஞர் நான் வாய் திறப்பதற்கு முன்பே, "அண்ணே, ஒங்க கார்தான் உருண்டு வந்து எங்க வண்டியில மோதியிருக்கு" என்றார். சரிவான இடத்தில் இதைவிட நம்பத்தகுந்த ஒரு விளக்கம் இருக்க முடியாது. கூடியிருந்தவர்களில் சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

வண்டிகளை ஓரமாக்கிவிட்டுப் பேசுவோம் என்று காவலாளி வற்புறுத்தினார். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வண்டிகள் நின்ற நிலையே முக்கியமான சான்று என்பதால், அசைப்பதற்கு முன் படம் எடுக்க அவகாசம் கேட்டேன். சேதத்தை அருகிலிருந்து எடுத்த படங்களை விட, என் காரின் பின்புறமும் பக்கத்துக் காரின் பின்புறமும் ஒரே வரிசையில் நிற்பதைத் தூரத்திலிருந்து காட்டிய படங்களே பிறகு பயன்பட்டன. விளக்கின் உடைந்த துண்டுகள் என்னுடைய தரிப்புக் கோட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்ததையும் படமெடுத்தேன். எதிர்த் தரப்பின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றையும் கைபேசியில் பதிந்துகொண்டு, என்னுடைய பத்திரங்களையும் அவரைப் படமெடுக்கச் சொன்னேன்.

வேன் அவருக்குச் சொந்தமானதல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலாளி வேறொருவர், காப்புறுதியும் அவர் பெயரில். பையன் ஏன் அவ்வளவு அவசரமாகப் பழியை என் பக்கம் தள்ளினார் என்பது அதற்குப் பிறகு விளங்கியது. எனக்கும் கோபம் பாதியாகக் குறைந்தது. தவறு தன்னுடையது என்று எழுதித் தரும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக வாகனக் காப்புறுதிப் பத்திரங்களில் இருக்கும்; அதை மீறச் சொன்னால் நமக்கு வரவேண்டிய பணமே சிக்கிவிடலாம். திகதி, நேரம், இரண்டு வண்டிகளின் இலக்கங்கள், வேன் பின்னோக்கி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது, காருக்குள் எவரும் இருக்கவில்லை ஆகிய விடயங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அவற்றில் எதையும் அவர் மறுக்கவில்லை.

என்னுடைய நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அறிவித்ததும் மதிப்பீட்டாளர் வந்தார். மலையகத்தில் பலருக்கும் உள்ள பழக்கப்படி, காரை நிறுத்தியவுடன் பின் சில்லுக்கு அடியில் ஒரு கல்லை அடைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் நேராகக் குனிந்து பார்த்தது அந்தக் கல்லைத்தான். சில்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. டயருக்குப் பின்னால் ஈரச் சரளை மேட்டுப் பக்கமாக இழுபட்டிருந்தது. கார் கீழே உருண்டிருந்தால் சில்லு கல்லில் இறுகியிருக்கும், அல்லது கல்லைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இடைவெளி இருக்கிறதென்றால் எதுவோ காரை மேல்நோக்கித் தள்ளியிருக்கிறது என்று அவர் விளக்கினார். பஃபரில் இருந்த கீறலும் நேராகக் குத்திய பள்ளமாக இல்லாமல் வலமிருந்து இடமாக இழுபட்டிருந்தது. நேராக உருளும் வண்டியால் அப்படி ஒரு கோடு விழாது, வளைந்து திரும்பும் வண்டியால்தான் விழும். அந்த இளைஞர் அதன்பிறகு எதுவும் பேசவில்லை.

முழுக் காப்புறுதி இருந்ததால் அந்த இடத்திலேயே ஒரு தொகையைப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பை மதிப்பீட்டாளர் சொன்னார். பெற்றிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் எக்ஸஸ் என்று சொல்லப்படும், நாமே ஏற்க வேண்டிய தொகை அதில் கழிக்கப்படுவதோடு, புதுப்பிக்கும்போது, இழப்பீடு கோராதவர்களுக்குக் கட்டணத்தில் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற கழிவும் பாதிக்கப்படும். நின்ற வண்டிக்கு இன்னொருவர் இழைத்த சேதத்துக்காக அதை இழக்க எனக்கு மனமில்லை. எனவே சம்பவத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, வேன் உரிமையாளரின் காப்புறுதியிடம் கோருவதென்று முடிவெடுத்தேன்.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒரு விடயம் உண்டு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, மரணத்துக்கும் உடற்காயத்துக்குமானது. அடுத்தவர் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு, அந்தந்தப் பத்திரத்தில் எழுதப்பட்ட உச்சத் தொகையைப் பொறுத்தது. ஆகவே எதிர்த் தரப்பிடம் காப்புறுதி அட்டை இருப்பதை மட்டும் நம்பாமல், அந்த உச்சத் தொகை எவ்வளவு என்பதைக் கேட்டறிந்தேன். என் சேதம் அதற்குள் அடங்கியது.

பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் இரு தரப்பு வாக்குமூலமும் பதிவாகின. என்னுடையதைத் தமிழிலேயே எழுதுமாறு கேட்டேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிட்டேன். எதிரேயுள்ள மருந்துக்கடையின் கெமராவில் என் கார் விழவில்லை. ஆனால் வேன் ரிவர்ஸ் விளக்கு எரிய வேகமாக மேலேறுவது தெளிவாகத் தெரிந்தது. பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால் அதைப் பொலிஸார் முன்னிலையில் உடனடியாகப் பிரதியெடுக்கச் செய்தேன். தரிப்பிட நிர்வாகமோ, சேதங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகையைக் காட்டியதோடு ஒதுங்கிக்கொண்டது. அந்த இடத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்படுவது அந்தப் பலகை மட்டும்தான்.

வேன் உரிமையாளர் தன் நிறுவனத்துக்கு அறிவிப்பதை இழுத்தடித்தார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் கோரிக்கைக் கடிதமொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிணக்குகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கவிருப்பதையும் குறிப்பிட்ட பிறகு, அவரே தொலைபேசியில் அழைத்தார். அதன்பின் அவரது நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் காரைப் பார்த்தார். அதற்கு முன் கராஜ்காரரிடம் பஃபரை முழுமையாகக் கழற்றச் சொன்னேன். அப்போதுதான் டிக்கிக் கதவின் பூட்டுத் தகடு வளைந்திருந்தது வெளிப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்து எழுதிய மதிப்பீட்டில் அது இருந்திருக்காது.

இறுதியில் வந்த படிவத்தில், இத்தொகையை முழுமையான தீர்வாக ஏற்று மேற்கொண்டு எதையும் கோரமாட்டேன் என்ற வாசகம் இருந்தது. பூட்டுத் தகடும் பெயின்ட் வேலையும் கணக்கில் சேர்ந்திருப்பதைச் சரிபார்த்தே கையொப்பமிட்டேன். உதிரிப்பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு போட்டிருந்தார்கள். அந்த வித்தியாசத்தில் பாதியை உரிமையாளர் கையிலிருந்து தந்தார், மீதியை நான் ஏற்றுக்கொண்டேன். என் பத்திரத்தைப் புதுப்பித்தபோது போனஸில் எந்தக் குறைப்பும் இருக்கவில்லை.