சொன்னால்தான் உண்டு

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து திரும்பும் நாட்களில் பல அமெரிக்க அலுவலகங்களில் ஒரு படிவம் வந்து நிற்கும். இந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுத வேண்டும். செல்ஃப் ரிவ்யூ என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தாலும் முகம் சுளிக்காமல் எழுந்து சரிசெய்கிற நம்மவர்கள் இந்தப் படிவத்தை மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார்கள். தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சம். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எப்படி இருக்கும்? உழைத்தது கண்ணில் படாமலா போகும், மேலே இருப்பவருக்குத் தெரியாதா என்ற நம்பிக்கையில் நாலு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள்.

மேலே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவரவர் காரியத்துக்கு அவரவர் பொறுப்பு, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பார்கள் என்பது அந்த ஊரின் அடிப்படை நம்பிக்கை. கேட்காதவரிடம் போய் 'உனக்கு இது வேண்டுமா' என்று விசாரிப்பது வளர்ந்த ஆளைக் குழந்தையாக நடத்துவது போல அங்கே படும். நாம் மரியாதை என்று நினைத்துக் காக்கும் மௌனத்தை 'இவருக்குக் குறை எதுவும் இல்லை' என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சுதந்திரம், தனிமனித உரிமை என்று பெரிதாகப் பேசப்படும் அமெரிக்க விழுமியங்கள் குடியேறிய குடும்பத்துக்குத் தினமும் தட்டுப்படுவது இங்கேதான்.

படிவம் போன பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கூச்சம் பாதி குறையும். பல கம்பெனிகளில் மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் ஆட்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காலிப்ரேஷன் கூட்டம் என்று பெயர். ஓர் ஆளுக்குச் சில நிமிடம்தான். உங்களுக்காகப் பேச உங்கள் மேனேஜர் கையில் எடுத்துப்போவது நீங்கள் எழுதிய தாளை. "பில்லிங் வேகத்தை எங்கள் டீம் கூட்டியது, நானும் உதவினேன்" என்று அதில் இருந்தால், 'இதில் இவர் செய்தது எது?' என்று பக்கத்து மேனேஜர் கேட்கும்போது அவர் திணறிப்போவார். அதையே இப்படி எழுதலாம்: "ராத்திரி ஓடும் பில்லிங் வேலைக்கு 6 மணி நேரம் ஆனது. டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குத் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். சேர்த்த பிறகு 50 நிமிடத்தில் முடிகிறது. காலை 8 மணிக்கு வரும் கணக்குப் பிரிவு இப்போது காத்திருப்பதில்லை." பிரச்சினை, நான் செய்தது, மாறிய அளவு, பலன் யாருக்கு என்ற நான்கும் வந்துவிட்டன. பெருமையடிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இப்படி மூன்று, நான்கு போதும். மார்ச்சில் செய்தது டிசம்பரில் நினைவுக்கு வராது என்பதால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடும் முன் தேதி போட்டு இரண்டு வரி குறித்துவைப்பது நல்லது.

அடுத்த கஷ்டம் 'முடியாது' என்ற சொல். வெள்ளிக்குள் தருவீர்களா என்று கேட்டால் நம் தலை தானாக ஆடும். 'பார்க்கிறேன்', 'ட்ரை பண்றேன்' என்போம். ஊரில் கேட்பவருக்கு அந்த இழுவையிலேயே விஷயம் புரிந்துவிடும். அமெரிக்கர் காதில் அது ஒப்புதல். அதை நம்பி அவர் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிடுவார். வியாழன் ராத்திரி கையை விரித்தால், வேலை தாமதமானதைக்கூட மன்னிப்பார்கள், முன்கூட்டிச் சொல்லாததை மன்னிப்பது கடினம். "முழுதும் செவ்வாய்தான் முடியும். வெள்ளியே வேண்டுமென்றால் ரிப்போர்ட் பகுதியை விட்டுவிட்டு மற்றதைத் தருகிறேன்" என்று கேட்ட அன்றைக்கே சொன்னால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இவ்வளவு நேராகப் பேசச் சொல்பவர்கள் குறை சொல்லும்போது மட்டும் பஞ்சு போலப் பேசுவார்கள். "ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, இந்த இடத்தை மட்டும் ஒருமுறை பார்க்கலாமோ?" என்றால் அதை மாற்று என்று அர்த்தம். பாராட்டை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தவருக்கு, அதே குறை அடுத்த முறை எழுத்தில் வரும்போது தூக்கிவாரிப்போடும். பேச்சு முடிந்ததும் 'நான் புரிந்துகொண்டது இது, இந்தத் தேதிக்குள் மாற்றுகிறேன், சரிதானா?' என்று ஒரு சின்ன மெயில் போட்டுவிடுவது நல்ல காப்பு.

வாய் திறந்து பேசுவதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. கூட வேலை செய்யும் அமெரிக்கர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், 'சார்' கிடையாது. அதே மேனேஜர் காரணம் சொல்லாமல் எந்த நாளும் வேலையை விட்டு அனுப்பலாம் என்பதுதான் மான்டானா தவிர மற்ற மாநிலங்களில் பொது விதி. இனம், மதம் போலச் சட்டம் தடுத்த காரணங்களுக்காக மட்டும் கூடாது. உள்ளூர்க்காரருக்கு அது வருமான இழப்பு. கம்பெனி மனு போட்டு வாங்கித் தரும் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலையின் கடைசி நாளிலிருந்து 60 நாள், அல்லது நாட்டில் தங்க அனுமதித்த ஐ-94 பதிவு முடியும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் அவகாசம். அந்த 60 நாளே 2017-இல்தான் விதியில் ஏறியது. அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அதைச் சார்ந்த மனைவியின் ஹெச்-4 விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் எல்லாம் அந்த ஒரு நூலில் தொங்குகின்றன. இப்படிப்பட்டவர் கூட்டத்தில் எதிர்த்துப் பேசத் தயங்கினால் அதைக் கூச்ச சுபாவம் என்று ரிவ்யூவில் எழுதுவது நியாயமே இல்லை. அது விசா விதி உண்டாக்கிய பயம்.

பயந்தாலும் கேட்டே ஆக வேண்டியது கிரீன் கார்டு. ஹெச்-1பி மொத்தம் ஆறு வருடம். பெர்ம் மனுவோ (உள்ளூரில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் கம்பெனி சான்று கேட்பது) ஐ-140 மனுவோ (உங்களுக்காகக் கம்பெனி போடும் குடியேற்ற மனு) போட்டு 365 நாள் ஆகியிருந்தால்தான், அல்லது ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால்தான், அதற்கு மேல் நீட்டிக்க வழி. பெர்ம் போடும் முன் சம்பள நிர்ணயம், விளம்பரம் என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நாலாம் வருடம் வரை வாயை மூடியிருந்தால் ஐந்தாம் வருடம் மூச்சு முட்டும். பெர்ம் மனு போன தேதிதான் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பல வருட நீளம். எந்த மாதம் தொடங்குவீர்கள் என்று வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சம்பளப் பேச்சில் ஆயிரம் டாலர் கூட்டிக் கேட்பதைவிட இது பெரிது.

எல்லாவற்றையும்விட மனதைப் பிழிவது, யார் குடும்பம் என்ற கேள்வி. 1993-இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் வருடத்துக்கு 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு தருகிறது. கம்பெனியில் 50 பேராவது இருக்க வேண்டும். நீங்கள் 12 மாதம் வேலை பார்த்து, கடந்த ஒரு வருடத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். கணவன் மனைவி, பிள்ளை, பெற்றோர் கடும் நோயில் இருந்தால் பார்த்துக்கொள்ளப் போகலாம். அண்ணன், அக்கா கிடையாது. மாமனார், மாமியார் கிடையாது. மாமியாருக்கு அறுவை சிகிச்சை என்றால் மருமகன் கேட்க முடியாது; மகள் வேலையில் இருந்து தகுதியும் இருந்தால் அவர் கேட்கலாம். கலிஃபோர்னியா தன் மாநிலச் சட்டத்தில் 2022 முதல் மாமனார் மாமியாரைச் சேர்த்திருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: அப்பா இல்லாமல் பெரியப்பாவோ தாய்மாமனோ வளர்த்திருந்தால், பெற்றோர் இடத்தில் நின்றவர் என்று அவரையும் மத்தியச் சட்டம் ஏற்கிறது. 'மை அங்கிள்' என்று மட்டும் எச்.ஆரிடம் சொன்னால் விடுப்பு இல்லை. 'என்னைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர்' என்று சொன்னால் உண்டு. மருத்துவர் நிரப்ப வேண்டிய சான்றுப் படிவத்துக்குச் சாதாரணமாக 15 நாள் தருவார்கள். மதுரை மருத்துவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். தமிழில் எழுதியிருந்தால், கம்பெனி கேட்கும்போது மொழிபெயர்ப்பு தர வேண்டும்.

இறந்துவிட்டால் இந்தச் சட்டம் உதவாது. துக்க விடுப்புக்கு மத்தியச் சட்டமே கிடையாது. பல கம்பெனிகளில் மூன்று முதல் ஐந்து நாள். ஊருக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும்போது, பதினாறாம் நாள் காரியம் வரை மூத்த மகன் எப்படி இருப்பது? இங்கேயும் சொன்னால்தான் உண்டு. 'ஃபேமிலி எமர்ஜென்சி' என்று இரண்டு வார்த்தையில் மெயில் போட்டுவிட்டு விமானம் ஏறாமல், பதினாறு நாள் சடங்கு இருக்கிறது, அதை நான்தான் செய்ய வேண்டும், துக்க விடுப்போடு என் விடுமுறை நாட்களையும் மீதிக்குச் சம்பளமில்லாத விடுப்பையும் சேர்த்துத் தாருங்கள் என்று தேதியோடு கேட்டால் பெரும்பாலான மேனேஜர்கள் மனிதர்களாக நடந்துகொள்கிறார்கள். மதச் சடங்கு என்று கேட்டால் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதில் அமெரிக்கர்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. அங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். வரி, தகவல் பாதுகாப்பு காரணமாக இந்தியாவில் லேப்டாப்பைத் திறக்கவே சில கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதியைப் பாருங்கள். விசா மனு ஒப்புதலான ஐ-797 தாள் செல்லுபடியாக இருந்தும் முத்திரை காலாவதியாகியிருந்தால், தூதரகத்தில் புதியது வாங்காமல் திரும்ப முடியாது.

இந்தப் பழக்கத்தை அமெரிக்கக் குழந்தைக்கு மூன்று வயதிலேயே ஊட்டுகிறார்கள். ப்ரீஸ்கூலில் குழந்தை அழுதால் டீச்சர் குனிந்து 'யூஸ் யுவர் வேர்ட்ஸ்' என்பார்: அழாமல், என்ன வேண்டும் என்று வாயால் சொல். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளை, கேட்ட பிள்ளையாக வளர்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் தட்டை நீட்டி "தோசை வேணுமா பாட்டி?" என்று கேட்கும். பாட்டி வழக்கப்படி "வேணாம்டா கண்ணு" என்பார். பிள்ளை தட்டோடு போய்விடும். பாட்டிக்குப் பசி. பிள்ளை செய்தது அவமரியாதை இல்லை. பாட்டி சொன்ன சொல்லுக்கு அது முழு மதிப்புக் கொடுத்தது. இரண்டாம் முறை கேள் என்று பிள்ளைக்கும், முதல் முறையே வேணும் என்று சொல்லுங்கள் என்று பாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இந்த மனத்தாங்கல் சீக்கிரம் தீர்கிறது.

பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிற நம் பழக்கத்தை அலுவலகத்திலும் விடாமல் வைத்திருக்கும் தமிழ் மேனேஜர்கள் உண்டு. கூட்டத்தில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்க, பேசாத ஐந்தாவது ஆளை அவர்கள் கவனிப்பார்கள். எல்லார் முன்னாலும் திடீரென்று பேர் சொல்லிக் கேட்டால் அந்த ஆள் சுருங்கிப்போவார். அதனால் முந்தின நாளே தனியாக ஒரு செய்தி போகும்: "நாளைக்கு சர்வர் மைக்ரேஷன் பற்றி உங்களைத்தான் முதலில் கேட்பேன். இரண்டு நிமிடம் போதும். எது உடையும் என்று நினைக்கிறீர்களோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள்."