கனமான பொட்டலம்

மூன்று மாதத்தில் நான்கு மருத்துவர்களைப் பார்த்தேன். நான்கு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்பார்கள். "எப்பவாவது ஒரு சிகரெட், டாக்டர்" என்பேன். உண்மையில் தினமும் ராத்திரி கஞ்சா, ஏழெட்டு வருடப் பழக்கம். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

வலி தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். குனிந்து, வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். ஆறு நாள், ஏழு நாள் மலம் போகாது. வாயில் எந்நேரமும் சில்லறைக் காசை நக்கிய மாதிரி ஒரு சுவை. முதலாமவர் அல்சர் என்றார். எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பை சுத்தமாக இருந்தது. இரண்டாமவர் ரத்தசோகையைக் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார், அதைச் சாப்பிட்டு மலச்சிக்கல் இன்னும் இறுகியதுதான் மிச்சம். மூன்றாமவர் "மனசுல ஏதும் கவலையா?" என்று கேட்டார். நான்காமவர் அறுவை சிகிச்சை நிபுணர். குடல்வாலாக இருக்கலாம், திறந்து பார்த்துவிடலாம் என்றார். அன்று மாலையே வலி தணிந்துவிட்டதால் தப்பித்து வந்தேன்.

அப்புறம்தான் கை. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கையை நீட்டினால் மணிக்கட்டு தொங்கியது. விரலை மடக்க முடிந்தது, கையை மேலே தூக்கி நிறுத்த முடியவில்லை. வயிற்றுவலிக்குப் பயப்படாத நான் அதற்குப் பயந்துவிட்டேன்.

ஐந்தாவதாகப் பார்த்த மருத்துவர் சின்ன வயதுப் பெண். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லியிருந்தார். சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தூவினாற்போல் இருப்பதாக லேப் டெக்னீஷியன் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். என்னைக் காப்பாற்றியது அந்த ஒருவரி. மருத்துவர் என் உதட்டை விலக்கி, பல்லும் ஈறும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பென்சிலால் வரைந்ததுபோல மெல்லிய கருநீலக் கோடு. தினமும் பல் தேய்க்கிற நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பேட்டரி வேலையா? பெயின்ட் சுரண்டுற வேலையா? மூலிகை மருந்து ஏதாவது?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மனைவியிடம், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா, நரம்பு பரிசோதனை ஒண்ணு செய்யணும்" என்றார். கதவு சாத்தியதும் சுத்தியலையெல்லாம் எடுக்கவில்லை. "இப்ப சொல்லுங்க. என்ன புகைக்கிறீங்க?"

சொல்லிவிட்டேன். போலீஸுக்குச் சொல்வாரோ என்று உள்ளங்கை வியர்த்தது. எங்கே வாங்கினேன், யாரிடம் வாங்கினேன் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கூட யார் யார் என்று மட்டும் கேட்டார்.

நீலப் புள்ளியும் ஈறுக் கோடும் உடம்பில் ஈயம் ஏறியதன் அடையாளம், கஞ்சாவில் ஈயம் கலந்திருக்கலாம் என்றார். சாதாரண போதைப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. அது போதைப்பொருளை மட்டுமே தேடும். ஈயத்துக்கென்று தனியாகக் கேட்டு, உலோகம் கலக்காத குழாயில் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது: ஒரு டெசிலிட்டருக்கு 92 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மிச்சமிருந்த பொட்டலத்தைக் கேட்டார். கொண்டுபோகும் முன் வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தேன். தாளைச் சாய்த்தால் இலை அங்கேயே கிடந்தது, சாம்பல் நிறப் பொடிமணிகள் மட்டும் மடிப்பை நோக்கி உருண்டன. ஒன்றை நகத்தால் அழுத்தினேன், நசுங்கியது. தாளில் இழுத்தேன், கோடு விழுந்தது. (வெறும் கையால் தொட்டதற்குத் திட்டு வாங்கினேன்.) அந்தப் பொட்டலத்தை முதலில் கையில் வாங்கியது ஞாபகம் வந்தது. வழக்கத்தைவிடச் சின்னது, ஆனால் நல்ல கனம். "மச்சான், இந்தத் தடவை அள்ளிப் போட்டிருக்கான்டா" என்று நண்பன் சொன்னான், எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எடைக்காகத்தான் ஈயத்தைக் கலக்கிறார்கள். ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் போதும், கங்கின் சூடு அதைவிட மிக அதிகம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும், நுரையீரலுக்குள் போகும் நுண்துகள் பெரும்பாலும் ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

இதில் நான் முதல் ஆளும் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 2007-இல் இதே மாதிரி 29 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், எல்லோரும் 16 முதல் 33 வயதுக்குள். என்ன காரணம் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர்களும் என்னைப் போலவே வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஈரானில் 2016-இல் அபினில் ஈயம் கலந்து பெரிய அளவில் பலரைப் படுக்கவைத்தது.

சிகிச்சைக்குக் கீலேஷன் என்று பெயர். எனக்குக் கொடுத்தது சக்சிமர் என்கிற மாத்திரை. அது ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் இறங்கிவிடும். முதல் 5 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த 14 நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. புட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். இரண்டே நாளில் என் சிறுநீரும் வியர்வையும் அப்படியே நாறின, தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டியிருந்தது. வாராவாரம் கல்லீரலுக்கும் வெள்ளணுக்களுக்கும் பரிசோதனை. புகையை அடியோடு நிறுத்தினால்தான் மாத்திரை தருவேன் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். முதல் பத்து நாள் தூக்கமே வரவில்லை. அதைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

19 நாள் முடிவில் 92 என்பது 34 ஆனது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி 51. ஒரு கஞ்சா இலையைக்கூடத் தொடாமல் எப்படி ஏறியது? உடம்பிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறதாம். ரத்தத்தைக் காலி செய்தால் எலும்பு மெல்ல இறக்கிவிடுகிறது. இதைத் தொடங்கும்போதே சொல்லியிருந்தால் அன்றைக்கு அவ்வளவு இடிந்துபோயிருக்க மாட்டேன். இன்னும் இரண்டு சுற்று மாத்திரை. ஒரு வருடம் ஆன பிறகு இப்போது 13. வயிறு முதல் சுற்றிலேயே சரியாகிவிட்டது. மணிக்கட்டு நிமிர ஏழு மாதம் ஆனது. பொத்தான் போட முடிகிறது, ஆனால் கையெழுத்து பழையபடி வரவில்லை.

மனைவியிடம் நானே சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "உன்கூடப் புகைச்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

மூன்று பேர். ஒருவன் மறுநாளே ரத்தம் கொடுத்தான்: 71. அவனுக்கு லேசான அசதி தவிர எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னொருவனுக்கு 20-க்குள், மாத்திரை இல்லாமலேயே இறங்கிவிட்டது. "அள்ளிப் போட்டிருக்கான்டா" என்று சொன்னவன் மட்டும் வரவே இல்லை. பொட்டலத்தைத் தண்ணீரில் அலசிவிட்டால் போதும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அலசினால் போகாது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

போன வாரம் அவனே போன் செய்தான். வேறு எதையெதையோ பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டான்: "டேய், உனக்கு வாய்ல அந்தக் காசு டேஸ்ட் எப்ப வர ஆரம்பிச்சுது?"

மறுநாள் காலை நானே கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் கொடுத்து மூன்று நாள் ஆகிறது.