ஸ்டீவ் ப்ளூமர் பெர்லினுக்கு ஏன் போனார்?

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் சண்டையில் ஆரம்பித்தது. இங்கிலாந்து ஃபுட்பாலின் உச்ச டிவிஷனில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து அதிக கோல் போட்டவர் யார் என்று யாரோ கேட்க, நான் யோசிக்காமல் ஆலன் ஷியரர் என்று எழுதிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஷியரர் முதலிடத்தில் இருப்பது பிரீமியர் லீக்கில் மட்டும்தான், உச்ச டிவிஷனின் அந்த அவதாரம் 1992ல் பிறந்த குழந்தை, லீக் ஆட்டம் 1888லேயே தொடங்கிவிட்டது, நடுவில் நூறு வருஷம் என்ன கோலியா விளையாடினார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சரி என்று பட்டியலைத் தேடி எடுத்தேன். முதலில் ஜிம்மி கிரீவ்ஸ், மூன்றாவது டிக்ஸி டீன், ரெண்டு பேரையும் கேள்விப்பட்டிருக்கிறேன். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், ஸ்டீவ் ப்ளூமர். உச்ச டிவிஷனில் மட்டும் 300க்கு மேல் கோல். இவ்வளவு வருஷமாக ஃபுட்பால் பார்க்கிறேன், இந்தப் பெயர் காதில் விழுந்ததே இல்லை.

பழைய படங்களில் ஆளைப் பார்த்தால் கோல் போடுகிறவர் மாதிரியே தெரியாது. ஒல்லி உடம்பு, வெளிறிய முகம். அந்த முகத்தை வைத்தே பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். 1874ல் க்ராட்லி ஹீத்தில் பிறந்தவர். சங்கிலியும் ஆணியும் அடிக்கிற ஊர், அப்பாவும் இரும்பு வேலைக்காரர். குடும்பம் டெர்பிக்குக் குடிபெயர்ந்தது, பையனும் பட்டறைக்குப் போனான், 1892ல் டெர்பி கவுன்டி கிளப்புக்கு ஆட ஆரம்பித்தான். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவர் ஜான் குடால். பிரெஸ்டன் கிளப் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் ஜெயித்த அந்த அணியின் ஃபார்வர்ட், அதாவது கோல் போட முன்வரிசையில் ஆடுகிறவர். இப்படி ஒரு ஆளிடம் பதினெட்டு வயதில் போய்ச் சேர்ந்தது ப்ளூமரின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

ப்ளூமர் ஆடிய இடம் இன்சைட் ரைட், அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்கு வலது பக்கம். பந்து வந்தால் அதை அடக்கி, நிதானித்து, பார்த்து அடிக்கிற ஜாதி இல்லை. வந்த வேகத்திலேயே, எந்தக் கால் கிட்டே இருக்கிறதோ அந்தக் காலால், தரையோடு ஒரு அடி. அந்தக் காலத்து ஆஃப்சைட் விதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ் கொடுக்கிற நேரத்தில், இன்றைக்கு அதை வாங்குகிற ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் ரெண்டு பேர் இருந்தால் போதும், அன்றைக்கு மூன்று பேர் இருக்க வேண்டும், 1925ல்தான் மாற்றினார்கள். அதோடு சேற்று மைதானம், ஈரம் குடித்துக் கனத்துப்போகிற தோல் பந்து. இதில்தான் 1899 ஜனவரியில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப்புக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல். டெர்பி 9-0.

இங்கிலாந்து அணிக்கு வருவோம். 1895ல் அயர்லாந்துக்கு எதிராக, டெர்பியிலேயே, முதல் ஆட்டம், ரெண்டு கோல். அப்புறம் நிற்கவே இல்லை. முதல் பத்து சர்வதேச ஆட்டங்களில் ஒன்று விடாமல் பத்திலும் கோல், மொத்தம் 19. 1896ல் கார்டிஃபில் வேல்ஸை 9-1 என்று அடித்தபோது ஐந்து கோல் இவருடையது. 1901ல் அதே வேல்ஸுக்கு எதிராக நியூகாசிலில் நாலு. பாவம் வேல்ஸ். 1907ல் நியூகாசிலிலேயே ஸ்காட்லாந்தோடு 1-1, இங்கிலாந்தின் அந்த ஒரு கோலையும் இவர்தான் போட்டார், அதோடு சரி. 23 ஆட்டம், 28 கோல்.

எதிரணிகள் யார் என்று பார்த்தால் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இவ்வளவுதான். அண்டை வீட்டுக்காரர்களோடு வருஷத்துக்கு மூன்று ஆட்டம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லி 28 என்ற எண்ணை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு ஸ்காட்லாந்து சாதாரண அணி இல்லை. பாஸ் கொடுத்து ஆடுவதை இங்கிலாந்துக்காரர்களே அவர்களிடம்தான் கற்றார்கள். வருஷத்துக்கு மூன்றே ஆட்டம் என்பது இன்னொரு பக்கமும் வெட்டும்: ஒரு ஆட்டம் சொதப்பினால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் அணியைத் தேர்வு செய்கிற கமிட்டி ஐயாக்கள் மனசு வைத்தால்.

இந்த அணியில் எனக்குப் பிடித்த விஷயம் அவருக்குப் பக்கத்தில் ஆடிய ஜோடி. சென்டர் ஃபார்வர்ட் ஜி. ஓ. ஸ்மித், சார்ட்டர்ஹவுஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று படித்து வந்த அமெச்சூர், காசு வாங்காமல் ஆடுகிற கனவான். இந்தப் பக்கம் பட்டறையிலிருந்து வந்த, கூலிக்கு ஆடுகிற ப்ளூமர். மைதானத்துக்கு வெளியே ஒரே மேஜையில் உட்கார வேண்டிய அவசியமே இல்லாத ரெண்டு பேர். மைதானத்துக்குள் ஒருத்தர் கொடுக்க, மற்றவர் அடிக்க, எதிரணிக்குத்தான் திண்டாட்டம்.

கிளப்பில் மட்டும் கோப்பை ராசி கிடையாது. 1898ல் இங்கிலாந்தின் தேசியக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் ஃபைனல், எதிரே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். சில நாள் முன்னால்தான் லீகில் அவர்களை டெர்பி 5-0 என்று துவைத்திருந்தது. ஃபைனலில் ப்ளூமர் ஒரு கோல் போட்டும் 3-1 என்று தோல்வி. இன்னொரு கூத்து: சிவப்புச் சட்டை படத்தில் எடுபடாது என்று, ஃபாரஸ்ட் ஆட்கள் டெர்பியின் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த வருஷமும் ஃபைனல், ஷெஃபீல்டு யுனைடெடிடம் 4-1. 1903ல் மறுபடி ஃபைனல், ப்ளூமர் காயத்தால் ஆடவில்லை, பரி என்ற கிளப்பிடம் 6-0 தோல்வி. டெர்பியின் பேஸ்பால் கிரவுண்டு மைதானத்துக்காகத் துரத்தப்பட்ட ஜிப்ஸிகள் விட்ட சாபம் என்று ஊரில் ஒரு கதை. ஆமாம், பேஸ்பால்தான். ஃபிரான்சிஸ் லே என்ற தொழிற்சாலை முதலாளி அமெரிக்காவில் அந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கி வந்து உண்டாக்கிய மைதானம் அது. ப்ளூமர் பேஸ்பாலும் ஆடுவார், நன்றாகவே ஆடுவார்.

இப்போது காசு விஷயம். எனக்கு இந்த மனிதர் மேல் ஆர்வம் வந்ததே இதனால்தான். 1901லிருந்து லீகில் உச்சவரம்புச் சம்பளம் என்று ஒன்று வந்தது, வாரத்துக்கு 4 பவுண்டு. நீ ப்ளூமராக இரு, யாராக வேண்டுமானாலும் இரு, அதற்கு மேல் கிடையாது. பட்டறைக் கூலியோடு பார்த்தால் நல்ல காசுதான், மறுக்கவில்லை. பூட்ஸ், டானிக் விளம்பரம் என்று பக்க வருமானமும் கொஞ்சம் உண்டு. ஆனால் இவரை வைத்து வாசலில் டிக்கெட் விற்று வந்த பணமெல்லாம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது. 1906ல் டெர்பிக்குப் பண முடை, 750 பவுண்டு வாங்கிக்கொண்டு இவரையே மிடில்ஸ்பரோவுக்கு விற்றுவிட்டார்கள். ஊர் கொதித்தது. மறு வருஷமே டெர்பி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, கொதித்தவர்களுக்கு அதில் ஒரு அற்ப திருப்தி இருந்திருக்கும். 1910ல் திரும்பக் கூட்டிவந்தார்கள். வயது 36. 1912ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்துக் கொடுத்து, கிளப்பை மேலே ஏற்றிவிட்டு, 1914 தொடக்கத்தில் நாற்பது வயதில் ஓய்வு.

அதற்கப்புறம் என்ன செய்வார்? இங்கிலாந்தில் அன்றைக்குப் பயிற்சியாளர் என்ற வேலைக்கே மரியாதை இல்லை. கிளப்பில் டிரெய்னர் என்று ஒருத்தர் இருப்பார், ஓட விடுவார், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். ஆட்டத்தைச் சொல்லித்தர ஒருத்தர் எதற்கு, ஆடத் தெரிந்தவன் ஆடுவான் என்பது அவர்கள் நினைப்பு. ஐரோப்பியக் கண்டத்தில் அப்படி இல்லை, அவர்களுக்குக் கற்றுக்கொள்ளும் பசி. பெர்லின் பிரிட்டானியா கிளப் கூப்பிட்டது, 1914 ஜூலையில் ரயிலேறிப் போய்விட்டார். மூன்றே வாரம். உலகப் போர் வெடித்தது.

நவம்பரில் ஜெர்மனியிலிருந்த பிரிட்டிஷ் ஆண்களையெல்லாம் பிடித்து பெர்லின் ஓரம் ஸ்பான்டாவில் ரூலேபன் என்ற குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்தார்கள். தங்குவதற்கு லாயங்கள். குதிரை நின்ற இடத்தில் ஆள் படுத்தார்கள், நாலாயிரம் பேர் அளவுக்கு. பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கும் அதற்குள்தான் இருந்தார். ஃபுட்பால் ஆட்களை எண்ணிப் பார்த்தேன், அசந்துபோனேன். மிடில்ஸ்பரோவில் ப்ளூமரோடு ஆடிய ஃபிரெட் பென்ட்லண்டு, டோட்டனமை 1901ல் கோப்பை ஜெயிக்க வைத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கேமரன், முன்னாள் இங்கிலாந்து வீரர் சாம் வுல்ஸ்டன்ஹோம். எல்லோரும் சொல்லித்தரப் போனவர்கள். சொந்த ஊரில் அந்த வேலை இருந்திருந்தால் இத்தனை பேர் அந்த லாயத்தில் சிக்கியிருக்கவே மாட்டார்கள் என்பது என் கணக்கு.

சும்மா இருப்பார்களா? 1915லேயே பந்தய ஓடுபாதைக்கு நடுவில் ஆட இடம் வாங்கி, ஒரு ஃபுட்பால் சங்கம், லீக், கோப்பை என்று தொடங்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய ப்ளூமர் அதிலும் ஆடினார், கிரிக்கெட்டும் ஆடினார். 1918ல் அவரை வெளியே விட்டபோது கைதிகள் ஒரு வழியனுப்பு ஆட்டமே நடத்தினார்கள். நெதர்லாந்துக்குப் போனார், போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லாததால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கேயும் அதே வேலை, பாருங்கள்.

பிற்பாடு ஸ்பெயின் கூப்பிட்டது. எல்லை ஊரான இருனில் ரியல் யூனியன் என்ற கிளப். 1924ல் ஸ்பெயின் கோப்பையில் பார்சிலோனாவைத் தாண்டி, ஃபைனலில் ரியல் மாட்ரிட்டை 1-0 என்று ஜெயித்தது. இங்கிலாந்தில் ஆடி வாங்க முடியாத தேசியக் கோப்பையை ஐம்பது வயதில் வெளிநாட்டில் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து வாங்கினார். பென்ட்லண்டும் ஸ்பெயினில்தான் பேர் வாங்கினார், அத்லெடிக் பில்பாவோவில். அவர் தொப்பியை வீரர்கள் வெற்றிக்கு வெற்றி மிதித்து நசுக்குவார்களாம், அது தனிப் பதிவு.

கடைசியில் ப்ளூமர் டெர்பிக்கே திரும்பி மைதானத்திலேயே ஏதேதோ வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு முடியாமல் போனபோது கிளப் செலவில் கப்பலில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஒரு பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்த சில வாரங்களில், 1938 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு டெர்பி மைதானத்தில் ஆட்டம் பார்த்தபடி அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது, 2009ல் வைத்தார்கள்.

இதையெல்லாம் ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதிக் குழுவில் போட்டேன். வந்தது ஒரே ஒரு பதில்: "அப்போ ஷியரர் எத்தனாவது?"

ஐந்தாவது.