எழுந்தருளினார், நம்புகிறார்

என் மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டில் "நம்புகிறார்" என்ற சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது. பதினொன்றையும் போடச் சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமைகளில் கலை வந்து, அதாவது தெய்வம் உடம்பில் இறங்கி, வாக்குச் சொல்லும் ஒரு அம்மாவைப் பற்றிய இறுதியாண்டு ஆய்வு. முதல் வரைவில் "உடுக்குத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலை அம்மாளாச்சி வந்தவ" என்று அவருடைய பேச்சு மேற்கோள் குறிகூட இல்லாமல் கிடந்தது. ஆய்வாளர் சொல்வது எது, தகவல் தந்தவர் சொன்னது எது என்று பிரிக்க முடியவில்லை. அது பிழை, இன்றைக்கும் பிழை என்றுதான் சொல்வேன். "அம்மன் தம்மீது இறங்குவதாக அவர் நம்புகிறார்" என்று திருத்திக் கொடுத்தேன்.

திருத்தியதை மாணவி அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். எழுதியதைத் தகவல் தந்தவரிடமே சரிபார்க்க வேண்டும் என்று கற்பித்தவர்கள் நாங்கள்தான். அவர் கேட்டாராம்: "நம்புறன் எண்டு நான் எங்கை பிள்ளை சொன்னனான்? அவ வந்தவ எண்டெல்லோ சொன்னனான்."

மழை பெய்தது என்று சொல்பவர், பெய்ததாக நம்புகிறேன் என்று சொல்வதில்லை. அந்த அம்மா நடந்த ஒன்றைச் சொன்னார். நான் அதை அவருடைய மனத்துக்குள் தள்ளிவிட்டேன். சமய ஆய்வாளர் வெய்ன் பிரவுட்ஃபுட் 1985இல் வகுத்த வேறுபாடு இதுதான்: அனுபவத்தை விவரிக்கும் இடத்தில் அனுபவித்தவர் ஏற்காத சொல்லைப் போட்டால், ஆராய எடுத்த பொருளே மாறிப்போகும், காரணம் விளக்கும் இடத்தில் அவர் ஏற்காததையும் ஆய்வாளர் சொல்லலாம். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாடம். நடத்திவிட்டு, விவரிப்பு அத்தியாயத்துக்குள்ளேயே விளக்கத்தைப் புகுத்தியிருக்கிறேன்.

கேள்விக்கொத்திலும் கோளாறு இருந்தது. "அந்த நேரம் உங்களுக்கு எப்படியான உணர்வு?" என்பது முதல் கேள்வி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901–1902இல் எடின்பரோவில் ஆற்றிய விரிவுரைகளில் மறைஞான அனுபவத்துக்குச் சொன்ன நான்கு அடையாளங்களை, சொல்லில் அடங்காமை, அறிவு தருதல், நீடிக்காமை, தன்வசமின்மை என, வைத்துக் கட்டிய கொத்து அது. ஜேம்ஸ் பெரும்பாலும் தனிமனிதர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு பேசியவர். தனிமையில் இருக்கும் மனிதரே அவருக்கு அளவுகோல். இங்கே வாக்குக் கேட்க வந்த சனம் சுற்றி நிற்கிறது. தன்வசமின்மை பொருந்தும். சொல்லில் அடங்காமை எப்படிப் பொருந்தும்? வாக்கே சொல்தானே.

கலை இறங்கிய பிறகு "எனக்கு ஒண்டும் தெரியாது" என்பவரிடம் உணர்வைக் கேட்டால், கேட்பவருக்குப் பிடித்த பதில்தான் வரும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பக்கத்தில் நின்றவர்களிடமும் கேட்க வேண்டும். உடுக்கு அடித்தது யார், எந்தப் பாட்டில் உடம்பு மாறியது, முதல் வந்த சொல் எது, வாக்கைப் பிரித்துச் சொன்னது யார், திருநீறு போட்டோ தண்ணீர் தெளித்தோ எப்படி இறக்கினார்கள். குறிப்பேட்டில் மூன்று பத்தி: காதில் விழுந்த சொல், கண்ணில் பட்டது, நம்முடைய ஊகம். அன்றிரவே எழுதிவிட வேண்டும். விடிந்தால் மூன்றாம் பத்தி முதலிரண்டையும் தின்றுவிடும். பேச்சை எழுத்துத் தமிழாக்கவும் கூடாது. "வந்தவ" என்பதில் உள்ள மரியாதையும் உறவும் "வந்தாள்" என்று எழுதிய உடனே போய்விடும்.

வெளிவாரிப் பரீட்சகர் புள்ளி வெட்டுவார் என்ற பயமும் எனக்கு இருந்தது. மாணவியின் வகுப்பு நிலை அதில் தங்கியிருந்தது. அது பொய்யான காரணமில்லை. ஆனால் "வந்தவ என்றார்" என்று எழுதியிருந்தாலும் பரீட்சகருக்குப் போதும்.

அவள் கேட்டது வேறு. "சேர், நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரைப் பற்றி நீங்கள் எழுதின கட்டுரையிலை 'சண்முகப் பெருமான் தேரில் எழுந்தருளினார்' எண்டுதானே இருக்கு? அங்கை நம்பப்படுகிறது எண்டு போடேல்லையே?"

"பெரிய கோயில் வேறை, இது வேறை" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. சைவத்தைச் சீர்திருத்த முனைந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கண்டித்தவர். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல பிற்பாடு வேறு அம்மன் பெயர் பெற்றன. எந்தத் தெய்வத்துக்கு எந்த வினைச்சொல் என்ற கணக்கு அப்போதே எங்களுக்குள் இறங்கிவிட்டதோ என்று யோசிக்கிறேன். மேலைநாட்டு ஆய்வுமுறையைக் கையில் எடுத்தும், ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அதைப் பிரயோகித்தேன். இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்துநான்காம் நாள் தேர். அன்று வீதியில் கைகூப்பி நிற்கிறவனும் நான்தான். அதனால் கண் மறைந்ததென்றால், அந்த அம்மாவின் வாசலிலும் அதே கை ஏன் கூப்பவில்லை?

இப்போது மாணவரிடம் "என்றார்" எழுதச் சொல்கிறேன், எந்தக் கோயிலானாலும். அண்மையில் அந்த நல்லூர்க் கட்டுரை மறுபதிப்புக்காக மெய்ப்புப் பார்க்க வந்தது. "எழுந்தருளினார்" என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். "எழுந்தருளினார் என்று அடியார்கள் கூறினர்" என எழுதக் கை வரவில்லை. அப்படியே விட்டு அனுப்பினேன்.